ஆங்கில வகுப்பும் ஒரு சைக்கிள் டைனமோவும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மொழிக் கல்வியில் தொழில்நுட்பம்" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது தயங்கினோம். நாங்கள் கல்வியியல் படித்தவர்கள் அல்ல. எம்மில் சிலர் மருத்துவர்கள், சிலர் கணக்காளர்கள், சிலர் ஆசிரியைகள், சிலர் வீட்டைப் பார்ப்பவர்கள். ஆனால் எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு என்று தோன்றியது. ஆகவே வகுப்புத் தோழிகள் பலருடன் தொலைபேசியில் பேசினோம். பின்னர் எங்கள் ஆங்கில ரீச்சரின் வீட்டுக்குப் போய் ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து கதைத்தோம். இன்று இங்கே "நாங்கள்" என்று சொல்வது அந்த நினைவுகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

தமது பெயரைச் சொல்ல வேண்டாம் என்று ரீச்சர் கேட்டுக்கொண்டார். "நான் என்ன செய்தனான்? சக்கரம் சுத்தினது நீங்களெல்லோ" என்றார். அந்தச் சக்கரத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அப்போது பிறந்திராத தங்கைமாருக்கு அது விளங்காது.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. எரிபொருளுக்குக் கட்டுப்பாடு. ரேடியோவுக்குப் போடும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலம் அது. இரவானால் வீட்டு விறாந்தையில் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிவிட்டு யாராவது ஒருவர் பெடலைச் சுற்றுவார். பின்சில்லில் உராயும் டைனமோவிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். பிபிசி தமிழோசையைக் கேட்க அயலவர்கள் எல்லோரும் அந்த விறாந்தையில் கூடுவார்கள். இது எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் கண்ட காட்சி. ரீச்சரும் கண்டார். "செய்தி கேக்கச் சுத்தலாம் எண்டால் பாடம் கேக்க ஏன் சுத்தேலாது?" என்று அவருக்குத் தோன்றியதாம்.

ஆனால் டைனமோ இருந்தது என்பதற்காக அவர் வகுப்புக்கு அதைக் கொண்டுவரவில்லை. அதற்கு முன்பே ஒரு குறையைக் கண்டிருந்தார். இந்த உரையில் நாங்கள் சொல்ல வந்த விடயத்துக்கு இது முக்கியம்.

1993 இல், நாங்கள் எட்டாம் ஆண்டில் படித்தபோது, தொண்டு நிறுவனம் ஒன்றிலிருந்து வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் பாடசாலையைப் பார்க்க வந்தார். எங்கள் வகுப்புக்குள் வந்து சிரித்துக்கொண்டு ஏதோ கேட்டார். நாற்பது பேர் வரை இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் திரும்பவும் கேட்டார். நாங்கள் மேசையைப் பார்த்தோம். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது. எழுதித் தந்திருந்தால் எங்களில் முக்கால்வாசிப் பேர் பிழையில்லாமல் பதில் எழுதியிருப்போம்.

"அண்டைக்கு நீங்கள் வெக்கப்பட்டதிலும் பாக்க நான்தான் கூட வெக்கப்பட்டனான்" என்று ரீச்சர் இப்போது சொன்னார். "பிள்ளையளுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் என்ரை குரலைத் தவிர வேறை ஒருத்தரின்ரை ஆங்கிலமும் அவையளின்ரை காதுக்குள்ளை போனதில்லை. என்ரை வாயைப் பாத்துத்தான் விளங்கிக்கொண்டிருக்கினம்."

இதுதான் அவர் கண்ட குறை. அதைத் தீர்க்க வேறு குரல்கள் தேவைப்பட்டன. அந்தக் குரல்களை வகுப்புக்குள் கொண்டுவரத்தான் ரேப் ரெக்கோடர் வந்தது.

ரெக்கோடர் அவருடைய தமையனுடையது. சைக்கிள் அவருடையது. ரேடியோ திருத்தும் கடைக்காரர் நான்கு இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் ஒரு சிறு பலகைத் துண்டில் பொருத்திக் கொடுத்தார். டைனமோ தருவது ஆடலோட்டம், ரெக்கோடருக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் அந்தப் பலகைத் துண்டு இல்லாவிட்டால் ஒலிபெருக்கியில் உறுமல் மட்டுமே கேட்கும். அடுத்த பாடவேளையில் வந்த விஞ்ஞான ரீச்சர் அதே பலகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு மின்னியல் கற்பித்தார். புத்தகத்தில் படம் பார்த்துப் பாடமாக்கியதை அன்று கண்ணால் கண்டோம்.

கசற்றில் மூன்று குரல்கள் இருந்தன. சிற்றலையில் வந்த பிபிசி உலக சேவையிலிருந்து ஒரு துண்டு, கொழும்பு வானொலியின் ஆங்கிலச் செய்தியிலிருந்து ஒரு துண்டு, கடைசியாக ரீச்சரின் சொந்தக் குரல். மூன்றும் ஆங்கிலம்தான், மூன்றும் மூன்று விதம். "எது சரியான ஆங்கிலம் ரீச்சர்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "விளங்கினால் சரி" என்றார். பிற்காலத்தில் ஸ்கொட்லாந்துக்காரரிடமும் நைஜீரியரிடமும் வேலை செய்யப் போன தோழிகள் அந்த இரண்டு சொற்களை நினைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள்.

முதல் ஒரு மாதம் பாடம் படுதோல்வி. இதை ரீச்சரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஐந்து நிமிடச் செய்தியை அப்படியே போட்டார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்வரிசையில் நித்திரை. முன்வரிசைக்குக் கண் முழுவதும் சுற்றும் சில்லில். சுற்றியவள் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தடித்து இழுபட்டு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல வரும். வகுப்பு முழுவதும் சிரிக்கும். "எனக்கு மெசினைக் காட்டுற ஆசை. உங்களுக்கு என்ன தேவை எண்டதை மறந்துபோனன்" என்றார்.

அதன்பின் பாடத்தை மாற்றினார். ஒரு பாடவேளைக்கு முப்பது செக்கன் ஒலி மட்டும். அதையே ஐந்து தரம், ஆறு தரம் போடுவார். முதல் தரம் கையைக் கட்டிக்கொண்டு கேட்க மட்டும் வேண்டும். இரண்டாம் தரம் தெரிந்த ஒரு சொல்லைப் பிடிக்க வேண்டும். மூன்றாம் தரம் பக்கத்தில் இருப்பவளுக்குக் காதில் சொல்ல வேண்டும். கொப்பியும் பேனையும் கடைசியில்தான். பேனையை முந்தி எடுத்தவளுக்கு ஒரு பார்வை கிடைக்கும்.

சக்கரம் சுற்றுவது வரவு இடாப்பின் ஒழுங்குப்படி. சுற்றுபவள் எழுத முடியாது. ஆகவே அவளுக்கென்று ஒரு விதி இருந்தது. சுற்றி முடிந்ததும், கேட்டதை எழுந்து நின்று வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போது அது தண்டனைபோல இருந்தது. ஆனால் வகுப்பில் முதலில் வாய் திறந்து பேசியவர்கள் சக்கரம் சுற்றியவர்கள்தான். முழுக் கவனத்தையும் காதில் வைக்க வேண்டியிருந்ததும் அவர்களுக்குத்தான். டைனமோவின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்க வேண்டும், வேகமும் குறையக் கூடாது. ரீச்சரின் பின் ரயர் ஒரு பக்கம் தேய்ந்துபோனது. அந்நாளில் ரயரும் இலேசில் கிடைக்காத பொருள். அவர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

அந்தப் பாடங்களில் எங்களுக்கு மறக்காத ஒன்று "ஃபிஃப்ரீன்", "ஃபிஃப்ரி" பாடம். பதினைந்தும் ஐம்பதும். எழுத்தில் பார்த்தால் குழப்பமே இல்லை. காதில் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பதினைந்துக்குப் பின்பகுதியில் அழுத்தம் விழுந்து நீளும், ஐம்பதுக்கு முன்பகுதியில் விழும். கடைசியில் வரும் மெல்லொலியை நம்பக் கூடாது, இரைச்சலில் முதலில் மறைவது அதுதான். இப்படிப் பதின்மூன்றும் முப்பதும், பதினான்கும் நாற்பதும், பத்தொன்பதும் தொண்ணூறும் எனச் சோடி சோடியாகத் தம் குரலில் மாறி மாறிப் பதிந்துவந்தார். பதினைந்து என்றால் வலக்கை, ஐம்பது என்றால் இடக்கை. முதல் நாள் வகுப்பில் கைகள் காற்றில் ஆடும் பனையோலைபோல நாலா பக்கமும் நின்றன. இரண்டு கிழமை கழித்து எல்லாக் கைகளும் ஒரே பக்கம் எழுந்தன.

ஒலிகளைக் கற்பித்தபோது அவர் சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. நாங்கள் "ரீச்சர்" என்று எழுதுகிறோம், தமிழ்நாட்டில் "டீச்சர்" என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்த ஒலி பிறப்பது நாநுனி மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள முரசைத் தொடும்போது. "காற்று", "வெற்றி" என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார். எங்கள் பேச்சில் நா தொடும் இடமும் ஏறக்குறைய அதுதான். "அந்நிய ஒலி எண்டு பயப்பிடாதேங்கோ. பாதி உங்கடை வாயிலையே இருக்கு" என்றார். ஆங்கிலம் வேறு யாரோ ஒருவருடைய பொருள் என்ற எண்ணம் எங்களுக்கு அன்று கொஞ்சம் குறைந்தது.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடந்தவர்கள் பலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ரீச்சரின் சைக்கிள் அன்று அவருடைய தாயாரையும் இரண்டு மூட்டைகளையும் சுமந்தது. ரேப் ரெக்கோடர் வீட்டில் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை.

தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் மரத்தடியில் பின்னேர வகுப்பு நடந்தது. அங்கே எங்களிடம் கருவியும் இல்லை, கசற்றும் இல்லை. ரீச்சர் ஒரு பிள்ளையை மாமரத்துக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். கையில் ஒரு தாளைக் கொடுத்தார். "நீர்தான் இண்டைக்கு ரேடியோ" என்றார். முகம் தெரியாத இடத்திலிருந்து அவள் வாசிக்க, நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டோம். இரண்டாம் தரம் ஒரு சொல். மூன்றாம் தரம் பக்கத்தவளின் காதில். வாசித்தவள் வெளியே வந்து எங்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். கருவி போய்விட்டது, அது வகுப்புக்குள் வந்ததால் பிறந்த பழக்கம் போகவில்லை. இடம்பெயர்ந்து, புத்தகம் கொப்பி இல்லாமல் இருந்த அந்த மாதங்களிலும் எங்கள் ஆங்கில வகுப்பில் கேட்பதும் பேசுவதும் நிற்கவில்லை.

எங்கள் காலத்தில் சாதாரணதர ஆங்கிலப் பரீட்சை எழுத்திலேயே இருந்தது. கேட்டல் பயிற்சிக்குப் புள்ளி இல்லை. "பரீட்சைக்கு வராததை ஏன் படிப்பிக்கிறீர்கள்?" என்று பெற்றோர் சிலர் கேட்டதுண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சில ஆண்டுகள் கழித்து எங்களுக்குக் கிடைத்தது.

எம்மில் சிலர் மருத்துவ பீடத்துக்குப் போனோம். பாடசாலைக் கல்வி முழுவதையும் தமிழில் படித்துவிட்டு, முதல் நாளிலிருந்தே விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். வேறு பாடசாலைகளிலிருந்து வந்த, எங்களைவிடக் கெட்டிக்காரர்களான பிள்ளைகள் முதல் மாதங்களில் விரிவுரை மண்டபத்தில் அழுததைக் கண்டிருக்கிறோம். எங்களுக்கும் எல்லாம் விளங்கவில்லை. ஆனால் விளங்காத ஒன்றைப் பதற்றப்படாமல் கேட்டுக்கொண்டிருக்கத் தெரிந்திருந்தது. முதல் தரம் கேட்க மட்டும், இரண்டாம் தரம் ஒரு சொல்.

பின்னர் எம்மில் ஒருவர் உள்ளகப் பயிற்சி மருத்துவராக இருந்த ஓர் இரவு. மேலதிகாரியான மருத்துவர் தொலைபேசியில் ஒரு நோயாளிக்குரிய மருந்தின் அளவைச் சொன்னார். நோயாளர் விடுதியில் சத்தம், இணைப்பிலும் இரைச்சல். கேட்டது "ஃபிஃப்ரி". பக்கத்தில் நின்ற தாதி எழுதத் தொடங்கிவிட்டார். பழக்கதோஷத்தில் திருப்பிச் சொன்னோம், ஐந்து, பூச்சியம் என்று இலக்கம் இலக்கமாக. மறுமுனையில் ஒரு கணம் மௌனம். "இல்லை, ஒன்று, ஐந்து."

அந்த நோயாளி தம் பிள்ளைகளோடு வீடு போனார். அன்றிரவு நடந்தது அவருக்குத் தெரியாது. தொலைபேசியில் கேட்ட மருந்தளவை இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும் என்பது இன்று மருத்துவமனைகளில் பாதுகாப்பு விதியாகக் கற்பிக்கப்படுகிறது. நோயாளியிடமும் அப்படித்தான். மருந்தை எப்படி எடுப்பது என்று சொல்லி முடித்ததும், "அம்மா, நான் சொன்னதை ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ" என்று கேட்க வேண்டும். விளங்கியதா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இந்த விதிகள் எங்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. ஒரு சைக்கிளின் பக்கத்தில் நின்று படித்தவை அவை.

இனி ரீச்சரின் அடுத்த அனுபவம். 2002 இல் ஏ9 வீதி திறந்தபின் பாடசாலைக்குக் கணினிகள் வந்தன. வெளிநாட்டிலிருந்த பழைய மாணவிகளின் அன்பளிப்பும் அதில் சேர்ந்தது. கணினிகளுக்கு உறை போட்டு, அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். பழுதானால் திருத்தக் காசில்லை என்ற பயம் அதிபருக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆங்கில வகுப்புக்கு முறை வருவது மாதத்தில் ஒரு நாள். "டைனமோவைப் பூட்டி வைக்க ஒருத்தரும் நினைக்கேல்லை. பெறுமதி கூடக் கூடப் பொருள் பிள்ளையளை விட்டுத் தூரப் போட்டுது" என்றார் ரீச்சர்.

பிறகு படவீழ்த்தி வந்தது. ரீச்சர் மிகவும் ஆசைப்பட்டு, இரவிரவாக இருந்து படங்களோடு பாடம் தயாரித்தார். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். பாடம் முடிந்தபின் அவருக்கு ஏதோ நெருடியது. அடுத்த முறை இடாப்பின் பின்பக்கத்தில், ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டார். நாற்பது நிமிடத்தில் ஒரு கைவிரல்களால் எண்ணி முடிக்கக்கூடிய கோடுகள். அதே வகுப்பில், வெறும் வெண்கட்டியும் கரும்பலகையும் வைத்து நடத்திய பாடத்தில் பக்கம் நிறையக் கோடுகள். "நான் நல்ல படம் காட்டினன். பிள்ளையள் நல்லாப் படம் பாத்ததுகள்" என்றார்.

அதற்காகப் படவீழ்த்தியை அவர் ஒதுக்கிவிடவில்லை. பாவிக்கும் விதத்தை மாற்றினார். படத்தை ஓடவிட்டு ஒலியை நிறுத்துவார், பாத்திரங்களுக்குப் பிள்ளைகள் குரல் கொடுக்க வேண்டும். ஒலியை ஓடவிட்டுத் திரையை மூடுவார், அங்கே என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தி, அடுத்தது என்ன என்று கேட்பார். கோடுகள் கூடின. ஓய்வுபெறும் வரையும் இடாப்பின் பின்பக்கத்தில் கோடு போடுவதை அவர் விடவில்லை. புதிய கருவி எது வந்தாலும் அவருடைய அளவுகோல் அது ஒன்றுதான்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எங்கள் ரீச்சர் ஓய்வுபெற்றிருந்தார். அவரிடம் படித்த ஒரு தங்கை அப்போது ஆங்கில ஆசிரியை. இணையவழியில் நேரடி வகுப்பு நடத்த முயன்று பார்த்தார். வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி, பிள்ளைகள் மூன்று பேர். தகப்பன் வேலைக்குப் போனால் தொலைபேசியும் போய்விடும். டேற்றா போட எல்லோராலும் முடியாது. ஆலோசனை கேட்டு ரீச்சருக்கு அழைப்பெடுத்தார். "படம் வேண்டாம், குரலை மட்டும் அனுப்பும். முப்பது செக்கன் காணும்" என்றார் ரீச்சர்.

வட்ஸ்அப்பில் முப்பது செக்கன் குரல்வழிச் செய்தி காலையில் போகும். தகப்பன் வேலையால் வந்தபின் பிள்ளை இரவில் கேட்டு, தன் குரலில் பதில் அனுப்பும். வகுப்பில் ஒரு நாளும் எழுந்து நின்று பேசாத பிள்ளைகளின் குரல்கள் வரத் தொடங்கின. பத்துத் தரம் பதிந்து அழித்துவிட்டுப் பதினோராவதை அனுப்பியதாக ஒரு பிள்ளை சொன்னாளாம். பத்துத் தரம் அவள் தானாகவே பேசிப் பார்த்திருக்கிறாள். எந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பத்துத் தரம் வாய்ப்புக் கிடைக்கும்?

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லக் கூடாது என்று அந்தத் தங்கை எங்களைக் கேட்டுக்கொண்டார். தொலைபேசியே இல்லாத வீடுகள் இருந்தன. சில பிள்ளைகளிடமிருந்து ஒரு குரலும் வரவில்லை. பாடசாலை மீண்டும் திறந்தபோது அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கிப்போயிருந்தார்கள். அவர்களை எட்டிப்பிடிக்க வைக்க அவருக்கு ஓர் ஆண்டுக்கு மேல் சென்றது. 2022 இல் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனபோது திறன்பலகையும் இருண்டது, கணினியும் இருண்டது. அன்று அந்தத் தங்கை ஒரு பிள்ளையைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வாசிக்க வைத்தார். மாமரத்தடிப் பாடத்தை அவர் நேரில் கண்டவர் அல்லர், ரீச்சர் சொல்லக் கேட்டவர்.

உலகமெங்கும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளே, நூறாவது ஆண்டில் பாடசாலைக்கு என்ன கொடுக்கலாம் என்று நாம் எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். திறன்பலகை, மடிக்கணினி, மொழி ஆய்வுகூடம் என்று பல பேச்சுகள் நடக்கின்றன. எதையும் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. மூன்று விடயங்களை மட்டும் கேட்கிறோம்.

முதலாவது, பொருளை வாங்குமுன் கற்பிப்பவரைக் கேட்போம். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் போதாது. "பிள்ளைகளால் எதைச் செய்ய முடியாமல் இருக்கிறது?" என்று கேட்போம். எங்கள் ரீச்சர் தொடங்கியது அந்தக் கேள்வியில்தான். பொருளுக்கு ஒதுக்கும் பணத்தோடு, அதைத் திருத்தவும் இணையக் கட்டணம் கட்டவும் ஒரு பங்கை ஒதுக்குவோம். பழுதானால் பார்த்துக்கொள்வோம் என்று அதிபருக்கு எழுத்தில் கொடுத்தால் அறைக்குப் பூட்டுத் தேவைப்படாது.

இரண்டாவது, நம் குரல்களை அனுப்புவோம். இது எவருக்கும் செலவில்லாதது. லண்டனில், ரொறன்ரோவில், சிட்னியில், ஒஸ்லோவில், கொழும்பில் இருக்கும் நாம் ஒவ்வொருவரும் முப்பது செக்கன் ஆங்கிலத்தில் பேசி அனுப்பலாம். பேருந்து எத்தனை மணிக்கு, வீட்டு இலக்கம் என்ன, இன்று என்ன சமைத்தோம் என்பவை போதும். நம் பேச்சில் அந்தந்த ஊர் ஏறியிருக்கும். ஏறட்டும். நம் பாடசாலைப் பிள்ளைகள் நாளைக்குக் கேட்கப்போவது அப்படிப்பட்ட ஆங்கிலத்தைத்தான். இன்றைய கைத்தொலைபேசி செயற்கை நுண்ணறிவின் துணையோடு பிள்ளையுடன் ஆங்கிலத்தில் பேசவும் செய்கிறது. அது களைக்காது, கோபிக்காது, நல்ல துணைதான். ஆனாலும் இதே வாங்கில் இருந்து படித்த ஓர் அக்காவின் குரலைக் கேட்கும் பிள்ளைக்கு வேறொன்றும் விளங்கும், அவளால் முடிந்தது என்னாலும் முடியும் என்று.

மூன்றாவது, பிள்ளைகளின் குரல்களை, பெற்றோரின் சம்மதத்தோடு, பாடசாலையில் சேர்த்து வைப்போம். இதைக் கேட்பதற்கு எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. அந்நாளில் எங்கள் குரல்களையும் ரீச்சர் பதிந்து எங்களுக்கே போட்டுக் காட்டுவார். கசற் ஒன்றே ஒன்று. அடுத்த கிழமைப் பாடம் அதன் மேலேயே பதியப்படும். அந்த வகுப்பில் எங்களோடு இருந்த எல்லோரும் இன்று இல்லை. போரில் போனவர்கள் இருக்கிறார்கள். எங்கே போனார்கள் என்று தெரியாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிழமை அவர்களின் குரல் அந்த நாடாவில் இருந்தது, பதின்மூன்று, முப்பது, பதினான்கு, நாற்பது என்று. அன்று அதை அழித்ததில் பிழையில்லை, வேறு வழியிருக்கவில்லை. இன்று அழிக்க வேண்டிய தேவை இல்லை.

ரீச்சரின் வீட்டிலிருந்து புறப்படும்போது வாசல் வரை வந்தார். "என்ன பேசப் போறியள்?" என்று கேட்டார். நாங்கள் நீட்டி முழக்கத் தொடங்கினோம். கையைக் காட்டி நிறுத்தினார். "முப்பது செக்கன். திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்."

கேட்டில் நின்றுகொண்டு, நாற்பது வயது கடந்த நாங்கள், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள்போலத் திருப்பிச் சொன்னோம். எந்தக் கருவி வந்தாலும் பிள்ளையின் காது திறக்கிறதா, வாய் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும்.

"சரி" என்றார். அதையே உங்கள் முன்னிலையிலும் சொல்லி, எங்கள் ரீச்சருக்கும், அந்தப் பலகைத் துண்டைச் செய்து கொடுத்தவருக்கும், சக்கரம் சுற்றிய தோழிகள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறோம்.